குடியா, மனச்சோர்வா? நோயறியும் நேர்காணல் நடக்கும் விதம்

[திரையில்: மருத்துவரும் நோயாளியும் எதிரெதிரே, மேசையில் ஒரு வினாப்படிவம்]

பல ஆண்டுகளாகக் குடிக்கும் ஒருவர், தூக்கம் வருவதில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்று மனநல மருத்துவரிடம் சொல்கிறார். இது தனியானதொரு மனச்சோர்வு நோயா, அல்லது குடியை நிறுத்திய சில வாரங்களில் தணிந்துவிடக்கூடிய, குடியால் விளைந்த மனச்சோர்வா? ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இதைப் பிரித்துக் காட்டாது. கேள்விகளால்தான் பிரித்தறிய வேண்டும். அந்தக் கேள்விகள் மருத்துவருக்கு மருத்துவர் மாறினால் நோயின் பெயரும் மாறிவிடும்.

அப்படி மாறியதற்குச் சான்று உண்டு. லண்டனைவிட நியூயார்க்கில் மனச்சிதைவு நோயாளிகள் மிக அதிகம் என்று மருத்துவமனைப் பதிவேடுகள் காட்டிவந்தன. இரு நகரங்களிலும் ஒரே நேர்காணல் முறையைக் கையாண்டு ஆராய்ந்து, 1972-இல் முடிவுகளை வெளியிட்டபோது, அந்த வேறுபாடு பெரும்பாலும் மருத்துவர்களின் அளவுகோலில் இருந்ததே தவிர நோயாளிகளிடம் இல்லை என்பது தெளிவானது.

[திரையில்: ஒரு காலக்கோடு, குடித்த மாதங்கள், குடிக்காத மாதங்கள்]

நம் நோயாளிக்கு ஏற்ற கருவி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டெபோரா ஹேசின் குழுவினர் உருவாக்கிய 'பிரிசம்' நேர்காணல். மனநோய்களைக் கணிக்கக் கேள்விகளை முன்பே வகுத்து வைத்து, பரவலாகப் பயன்படும் 'ஸ்கிட்' (SCID) நேர்காணலில் மனநிலை பற்றிய பகுதி முதலிலும் போதைப் பழக்கம் பற்றிய பகுதி பின்னரும் வரும். பிரிசமோ குடியையும் போதைப்பொருளையும் முன்னதாகவே கேட்டு முடித்துவிடுகிறது. இந்த வரிசை மாற்றத்தையே இதன் பெரும் பலமாக நான் கருதுகிறேன். எப்போது எவ்வளவு குடித்தார் என்பது முன்பே தெரிந்திருப்பதால், "ஒரு மாதமாவது தொடர்ந்து குடிக்காமல் இருந்ததுண்டா? அப்போதும் மனம் இப்படித்தான் இருந்ததா?" என்று குறிப்பாகக் கேட்க முடிகிறது. குடிப்பழக்கத்துக்கு முன்பே சோர்வு தொடங்கியிருந்தாலோ, நிறுத்தி ஏறத்தாழ 4 வாரங்களுக்குப் பிறகும் நீடித்தாலோ அதைத் தனி நோயாகக் கொள்ள வலுவான காரணம் உண்டு.

குடிநோயைக் கணிப்பது ஒப்பீட்டளவில் எளிது: அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க்கணிப்பு நூலான டி.எஸ்.எம்-5 தரும் 11 அளவுகோல்களில் குறைந்தது இரண்டு, 12 மாத காலத்துக்குள் பொருந்த வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேல் பொருந்தினால் தீவிர நிலை.

போதையிலோ, குடியை நிறுத்தியவுடன் வரும் நடுக்கத்திலோ இருப்பவரிடம் இத்தகைய நேர்காணலை நடத்தக் கூடாது. உடல் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அவர் தற்கொலை எண்ணத்தைச் சொல்லிவிட்டால், நோயின் பெயர் உறுதியாகட்டும் என்று ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பாதுகாப்பும் சிகிச்சையும் அன்றே தொடங்க வேண்டும்.