ஓடைக்கு இக்கரையும் அக்கரையும்

நேயர்களுக்கு வணக்கம். பயணத்தில் பார்த்த ஏதாவது ஓர் ஊரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும், பெரிய நகரம் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. மொத்தமே ஐம்பது பேர் அளவில் வாழ்கிற ஒரு ஜெர்மன் கிராமம்தான் வந்தது. மொட்லராய்ட் என்று பெயர்.

ஹோஃப் நகரத்துக்கு வடக்கே, மேடும் பள்ளமுமாகப் புல்வெளியும் வயலும் காடும் மாறி மாறி வருகிற ஒரு பகுதியில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 'ராய்ட்' என்று முடிகிற ஊர்கள் நிறைய உண்டு. காட்டை வெட்டித் திருத்தி உண்டாக்கிய இடம் என்று பொருள். நடுவில் ஒரு குளம், சுற்றிப் பண்ணை வீடுகள், ஊருக்குள்ளேயே டன்பாஹ் என்கிற ஓடை. ஓடை என்று நான் சொல்வதை வைத்துப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் எட்டிக் கால் வைத்தால் அக்கரை, அவ்வளவுதான். செருப்பு நனையாது.

அந்த ஓடையின் ஓரமாக 1810-ல் எல்லைக்கல் நட்டார்கள். ஒரு பக்கம் பவேரியா அரசு, மறுபக்கம் ராய்ஸ் என்கிற சிற்றரசு. கல்லில் ஒரு பக்கம் கே.பி., மறுபக்கம் எஃப்.ஆர். என்று இரண்டு அரசுகளின் முதலெழுத்துகளையும் செதுக்கி வைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு மன்னர்கள் போய், ராய்ஸ் பகுதி துரிங்கியா மாநிலத்தோடு சேர்ந்தது. ஊர்க்காரர்களுக்கு இதனால் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. வரி கட்டுகிற இடம் வேறு, அவ்வளவுதான். பள்ளிக்கூடமும் மதுக்கடையும் துரிங்கியா பக்கம் இருந்தன, ஆகவே பவேரியாப் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். தேவாலயம் பவேரியாவில், பக்கத்து ஊரான டொப்பெனில். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அங்கே போவார்கள். நூற்று முப்பது வருஷத்துக்கும் மேல் இப்படியே ஓடியது. பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஒரே ஊராகத்தான் இருந்தார்கள்.

போர் முடிந்து 1945 ஜூலையில் துரிங்கியா சோவியத் படையின் கைக்குப் போனது, பவேரியா அமெரிக்கர்களிடம் இருந்தது. 1949-ல் ஜெர்மனி கிழக்கு, மேற்கு என்று இரண்டு நாடாகி, துரிங்கியா கிழக்கோடும் பவேரியா மேற்கோடும் போனபோது, மன்னர் காலத்துக் கல் நட்ட அதே கோடு நாட்டு எல்லையாக மாறிப்போனது. புதிதாக யாரும் கோடு போடவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள், பழைய கோட்டுக்குத்தான் புது அர்த்தம் கொடுத்தார்கள்.

1952-ல் கிழக்கு ஜெர்மனி எல்லையை இறுக்கியது. எல்லையை ஒட்டிப் பத்து மீட்டருக்கு மண்ணை உழுது வெறும் பட்டையாக்கினார்கள், காலடி பதிந்தால் தெரிய வேண்டும் என்று. அதற்கு அப்பால் ஐந்நூறு மீட்டர், அதற்கும் அப்பால் ஐந்து கிலோமீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி. நம்பத் தகாதவர்கள் என்று தோன்றிய குடும்பங்களைப் பெட்டி படுக்கையோடு கிளப்பி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் நடுவே முதலில் ஆள் உயரத்துக்கு மேல் பலகை வேலி, அப்புறம் முள்கம்பி, 1966-ல் கான்கிரீட் சுவர். எழுநூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். பெர்லின் சுவரைப் போலவே இருந்ததால் அமெரிக்கப் படையினர் ஊருக்கு 'லிட்டில் பெர்லின்' என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு மனதில் தைத்தது சுவர்கூட இல்லை. கிழக்குப் பக்கத்தார் மேற்குப் பக்கத்தாரைப் பார்த்துக் கையசைக்கக் கூடாது, வணக்கம் சொல்லக் கூடாது என்று தடை இருந்தது. எதிர்வீட்டுக்காரர், கூடப் படித்தவர், சொந்த அத்தை மாமா, கூப்பிடு தூரத்தில் நிற்கிறார். பார்த்தும் பார்க்காத மாதிரி போக வேண்டும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில். மேற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து சுவரைப் பார்த்துப் படமெடுத்துவிட்டுப் போனார்கள், 1983-ல் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ்ஷும் வந்தார். கிழக்குப் பாதிக்கோ அனுமதிச் சீட்டு இல்லாமல் உறவுக்காரர்கூட நுழைய முடியாது. 1973-ல் ஒருவர் மட்டும் ஏணி வைத்துச் சுவரேறி இந்தப் பக்கம் தப்பி வந்துவிட்டார்.

பெர்லினில் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. இந்த ஊருக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. டிசம்பர் 9-ஆம் தேதி, நடந்துபோக மட்டும் ஒரு வழி திறந்தார்கள். 1990 ஜூன் 17 அன்று இயந்திரம் கொண்டுவந்து சுவரை இடித்தார்கள். கொஞ்ச தூரத்துக்கு மட்டும் அப்படியே விட்டு, காவல் கோபுரத்தோடு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அவசியம் செய்ய வேண்டிய வேலை அது, இல்லையென்றால் இந்தக் குளக்கரையில் நின்று யார் சொன்னாலும் நம்ப முடியாது.

மாநில எல்லை இன்றும் அந்த ஓடைதான். ஒரு பாதி பவேரியாவின் டொப்பெனைச் சேர்ந்தது, மறுபாதி துரிங்கியாவின் கெஃபெல்லைச் சேர்ந்தது. ஐம்பது பேருக்கு இரண்டு மேயர், இரண்டு அஞ்சல் குறியீடு, எதிர்வீட்டுக்கு போன் செய்ய வேறு ஊர்க் குறியீட்டு எண். வணக்கம் சொல்லப் பவேரியாப் பக்கம் 'க்ரூஸ் காட்' என்பார்கள், துரிங்கியாப் பக்கம் 'கூட்டன் டாக்'.

நான் போன அன்று ஓடைமேல் இருக்கிற சின்னப் பாலத்தில் நின்றிருந்தேன். சுவர் இருந்த பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். எதிரே குளக்கரையில் யாரையோ பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். அவரும் பதிலுக்கு ஆட்டினார். அந்த அம்மா என்னைத் தாண்டிப் பாலத்தைக் கடந்து போனார், கீழே ஓடை ஓடுவதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நன்றி, வணக்கம்.