பிள்ளையை ஏற்றும்போது தாயையும் ஏற்றுங்கள்

(நிவாரணப் பணித் தன்னார்வலர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நண்பர்களே, வணக்கம்.

புயல் என்றதும் அரிசி, போர்வை, பழைய துணி மூட்டை என்று கிளம்பிவிடுகிறோம். பழைய துணியைத் தவிர மற்றதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் வீடிழந்த பிள்ளைக்கு முதல் நிவாரணம் அதன் அம்மா. இதை அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அங்கே லூசியானா மாநிலத்தில் கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து, அங்குள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏறக்குறைய எண்பது சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. மெக்சிகோ வளைகுடாக் கரையெங்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள்.

'முதலில் குழந்தைகள்' என்றுதான் மீட்புக்காரர்கள் ஏற்றினார்கள். நல்ல எண்ணம்தான்! ஓர் அடுக்குமாடியில் சிக்கியிருந்த பெற்றோர், ஹெலிகாப்டர் சீக்கிரமே திரும்பி வரும் என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். அது வரவே இல்லை. நியூ ஆர்லியன்ஸிலேயே, மக்களை வெளியேற்றும் இடம் ஒன்றில் அந்த ஏழு பிள்ளைகள் தனியாக நின்றார்கள். அதில் மூத்தவனுக்கு ஆறு வயது. அவன் கையில் ஐந்து மாதக் கைக்குழந்தை, அவனைச் சுற்றி ஐந்து வாண்டுகள். பெற்றோர் போய்ச் சேர்ந்ததோ டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில். அந்தப் பையனுக்குத் தன் பேரும் வீட்டு விலாசமும் சொல்லத் தெரிந்திருந்தது. மற்றதுகளுக்குப் பேச்சே சரியாக வராத வயது.

கத்ரீனா, அடுத்து வந்த ரீட்டா சூறாவளி இரண்டிலும் சேர்த்துக் குடும்பத்தைப் பிரிந்ததாகப் பதிவான பிள்ளைகள் 5,192 பேர். கடைசிப் பிள்ளை தாயிடம் சேர்ந்தது 2006 மார்ச்சில்.

பள்ளி விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். வீடற்ற பிள்ளைகள் எந்தச் சான்றிதழும் இல்லாமலே உடனே பள்ளியில் சேரலாம் என்று அங்கே ஏற்கெனவே சட்டம் இருந்தது. ஹூஸ்டன் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. டி.சி. எங்கே என்று கேட்டுப் பழகிய நமக்கு இது அதிசயமாகத்தான் இருக்கும்.

வீட்டு விஷயத்தில் சறுக்கினார்கள். தற்காலிகமாகக் கொடுத்த டிரெய்லர் வீடுகளில் (வண்டியில் இழுத்துவரும் வீடுகள்) உடம்புக்குக் கெடுதலான ஃபார்மால்டிஹைடு வாயு அதிகம் என்று 2008-இல் அரசுப் பரிசோதனையே சொன்னது. அதற்குள் பல குடும்பங்கள் இரண்டு வருடம் அதைச் சுவாசித்துவிட்டன.

பிரிந்த பிள்ளைகளைத் தேடுவதற்கென்றே ஒரு மையம் வேண்டும் என்று 2006-இல் சட்டம் போட்டார்கள். சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. முகாம் பதிவேட்டில் குடும்பத் தலைவர் பேரை எழுதி, பக்கத்தில் 'பிள்ளைகள் 3' என்று முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வரி போடுங்கள். எந்த ஊர், யாரோடு வந்தது, எந்த வண்டியில் வந்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். பேச வராத குழந்தை என்றால் வண்டியில் ஏற்றும் முன்பே அம்மாவின் பேரையும் போன் நம்பரையும் அதன் கையில் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.