வாசலை மறிக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்றுக்கொடுத்தவன் நான். எங்கள் தெருவில் யார் மின்சார ஸ்கூட்டர் வாங்கினாலும் வண்டியைப் பார்க்க என்னை அழைப்பார்கள். விலை, வேகம் எதையும் நான் கேட்பதில்லை. "இரவில் இதை எங்கே நிறுத்திச் சார்ஜ் போடப் போகிறீர்கள்?" என்பதுதான் என் முதல் கேள்வி.

அந்தக் கேள்வி என்னிடம் ஒட்டிக்கொண்டது வேலூருக்குப் பிறகு. 2022 மார்ச் மாதக் கடைசியில், அங்கே ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தகப்பனும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதே ஆண்டு டிசம்பரிலிருந்து மத்திய அரசு பேட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கியது. புது வண்டிகளுக்கு அதனால் நன்மைதான். ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை எந்த விதியும் நம் வீட்டுக்குள் வந்து பார்க்காது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பல வண்டிகளில் கட்டைவிரல் அளவில் உருளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மெல்லிய தகடுகளைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அவை ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். சூடு அதிகமானால் அந்தப் படலம் உருகும், தகடுகள் தொட்டுக்கொள்ளும், ஓர் உருளையின் சூடு பக்கத்து உருளைக்குத் தாவும். ஆகவே சூடு, சூடு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை வாங்கிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். என் மாணவர் ஒருவரின் தம்பி. சித்திரை வெயிலில் மதுரை முழுக்கச் சுற்றிவிட்டு நண்பகலில் வருவார். வந்த கையோடு சார்ஜரைச் செருகுவார். "தம்பி, பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறது. நீங்கள் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுவதற்குள் அதுவும் ஆறட்டும்" என்றேன். கேட்டுக்கொண்டார்.

பிறகு அவருடைய சார்ஜர் பழுதாகிவிட்டது. புதியதன் விலைக்குத் தயங்கி, பழைய சாமான் கடையில் வேறொரு ஸ்கூட்டரின் சார்ஜரை வாங்கி வந்துவிட்டார். அதன் மேலும் 60 வோல்ட் என்றுதான் போட்டிருந்தது. முனையும் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அது ஈய அமிலப் பேட்டரி என்ற வேறு வகைப் பேட்டரிக்கான சார்ஜர். இந்த இடத்தைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். இவருடைய லித்தியம் பேட்டரியில் வரிசைக்கு 16 மின்கலங்கள் (முன்பு சொன்ன உருளைகள்தான்), ஒன்றுக்கு 4.2 வோல்ட் உச்சம், மொத்தம் 67.2 வோல்ட். ஈய அமிலச் சார்ஜரோ 73 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றும். இடையில் தடுத்து நிறுத்த வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் சிறிய மின்னணுப் பலகை ஒன்றுதான். அந்தப் பலகையின் பொறுமையை நாள்தோறும் சோதித்துக்கொண்டே இருந்தால் என்றைக்காவது ஒருநாள் அது தோற்கும்.

தோற்றது. ஒரு மாலை அவர் ஓடி வந்து, "சார், பேட்டரிப் பக்கம் பழ வாசனைபோல் வருகிறது" என்றார். பேட்டரிக்குள் இருக்கும் திரவம் கசிந்தால் அப்படித்தான் ஓர் இனிப்பு வாடை வரும். போய்ப் பார்த்தேன், பெட்டியின் மூடி உப்பியிருந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்தோம். அவருடைய அம்மா, குழந்தைகள், எல்லோரையும் தெருவுக்கு அனுப்பினோம். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். சிறிது நேரத்தில் வெள்ளைப் புகை, சீறல், பிறகு சரவெடிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. வீரர்கள் வந்து தண்ணீர் அடித்து அணைத்தார்கள். அணைந்துவிட்டது என்று நாங்கள் மூச்சுவிட்ட அரை மணி நேரத்தில் மறுபடி பற்றிக்கொண்டது! உள்ளே சூடு அடங்காதவரை அது அப்படித்தான் செய்யும். மண்ணைப் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். மண் மேலே மூடும், உள்சூட்டை எடுக்காது. நிறையத் தண்ணீர்தான் எடுக்கும். அதையும் வீரர்களிடம் விட்டுவிடுங்கள். அந்தப் புகை நச்சுப் புகை. நம் வேலை வெளியே ஓடுவதும் 112-ஐ அழைப்பதும்.

அந்த வீட்டில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஏன் தெரியுமா? வண்டி நின்றது கொல்லைப்புறக் கொட்டகையில். முன்வாசல் திறந்து கிடந்தது. அதே வண்டி வாசல் நடையில் நின்றிருந்தால் அந்த அம்மா எந்த வழியாக வெளியே வந்திருப்பார்? அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள்; அத்தனை குடும்பங்களுக்கும் இறங்க அது ஒன்றுதான் வழி. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள், கதவோரம் வைக்காதீர்கள். தூங்கும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். மாலையில், நீங்கள் விழித்திருக்கும்போது போடுங்கள். சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பாயிண்டில் நேரடியாகச் செருகுங்கள். ஜங்ஷன் பாக்ஸ் ஐந்து நிமிட மிக்சிக்குத் தாங்கும், நான்கு மணி நேரச் சார்ஜுக்கு அதன் தளர்ந்த முனைகள் கருகிவிடும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பராமரிப்பைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கணக்கில் ஊருக்குப் போவதானால் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில், வெயில் படாத இடத்தில் விட்டுச் செல்லுங்கள். முழுக்க நிரப்பியும் வேண்டாம், முழுக்கக் காலியாகவும் வேண்டாம். மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டால், காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்திவிட்டு விற்பனையாளரின் பணிமனையை அழையுங்கள். உப்பிய பேட்டரியும் கீழே விழுந்து நசுங்கிய பேட்டரியும் அப்படித்தான். பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சுத்தியலால் உடைப்பவர் கையில் அது வெடிக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. வண்டி வாங்கிய கடையில் கேளுங்கள், மறுத்தால் மீண்டும் கேளுங்கள். வணக்கம்.