ஆடத் தெரியாதவனும் கூடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நிலையத்திலிருந்து அழைத்தவர்கள், "ஹாம் வானொலியின் பெருமைகளைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். பெருமைகளை நாங்களே ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டோம், ஊர் எங்களைத் திட்டுவதைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். தொலைபேசியில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவீர்களா?" என்றார்கள். திட்டு நிறைய இருக்கிறது. இருந்தாலும் முயல்கிறேன்.

நான் சேலம் அம்மாபேட்டையில் குடியிருப்பவன். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 1980களின் கடைசியில் ஹாம் உரிமம் வாங்கினேன். அது என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதலாம். மின்னணுவியலில் கொஞ்சம், விதிமுறைகளில் கொஞ்சம், மேல்நிலை உரிமம் வேண்டுமென்றால் மோர்ஸ் தந்தியும் தெரிந்திருக்க வேண்டும். தேறினால் உரிமமும், உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறியும் கிடைக்கும். அதன் பிறகு நாமே கருவி செய்து, கம்பி கட்டி, எந்த நாட்டு ஹாமுடனும் பேசலாம். வியாபாரம் பேசக்கூடாது, பாட்டு ஒலிபரப்பக்கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது. நீங்கள் இப்போது கேட்கும் வானொலி ஒருவர் பேசப் பலர் கேட்பது. எங்களுடையதில் கேட்பவரும் பதில் பேசலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

உரிமம் வாங்கிய முதல் ஆண்டு. மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தறி ஓட்டுபவர். கடன் வாங்கி ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருந்தார். அன்றைக்குச் சேலத்தில் கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வரும் படத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வீட்டை விட உயரமான குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் மாட்ட வேண்டும். அவரும் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஒலியும் ஒளியும் ஓடும் நேரம், தெருவே அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கும். அந்த நேரம் பார்த்து நான் ஜப்பானைக் கூப்பிட ஆரம்பித்தேன். அவர் வீட்டுத் திரையில் கதாநாயகி பட்டை பட்டையாகக் கிழிந்து போனாள். பாட்டுக்கு நடுவில் வாத்து கத்துவது போல ஒரு குரல் வந்தது. அது என் குரல்.

வாசலுக்கு வந்துவிட்டார். "வாத்தியாரே, உங்கள் கம்பியைக் கழற்றுங்கள்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய் உரிமத்தை எடுத்து வந்து நீட்டினேன். இந்திய அரசு முத்திரை போட்ட காகிதம். அவர் அதை நிதானமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் என் டிவியைக் கெடுக்கலாம் என்று எந்த வரியில் எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் நான் விடவில்லை. என் கருவி சுத்தம், உங்கள் பூஸ்டர்தான் மட்டம் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இரண்டு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆயுத பூஜைப் பொரி கூட வரவில்லை.

என்னை வழிக்குக் கொண்டுவந்தவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த மூத்த ஹாம் ஒருவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "சண்டை போட்டீர், சரி. சோதித்துப் பார்த்தீரா?" என்றார். அடுத்த ஞாயிறு அவரே பஸ் பிடித்து இறங்கி வந்தார். என்னை என் கருவிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, அவர் பக்கத்து வீட்டில் போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் வழியாகக் கை காட்டினால் நான் மைக்கை அழுத்த வேண்டும், கையை இறக்கினால் விட வேண்டும். நடுவில் அந்த வீட்டு அம்மா அவருக்குக் காப்பி கொடுத்ததையும் ஜன்னல் வழியாகவே பார்த்தேன்.

மாலைக்குள் இரண்டு குற்றவாளிகள் சிக்கினார்கள். ஒன்று என்னுடையது. நில இணைப்புக்கு நான் அடித்திருந்த குழாயில் கம்பி துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. இன்னொன்று உண்மையிலேயே பூஸ்டர். அதற்கு எது தொலைக்காட்சி, எது நான் என்று பிரித்தறியத் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் பெருக்கும். பக்கத்து மாடியிலிருந்து என் அலை பலமாக வந்து விழுந்தால் திணறிப் போகும். என் அலையின் அதிர்வெண் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, தொலைக்காட்சி அலையுடையது அதற்கு மேலே. ஆகவே மேலே உள்ளதை விட்டு, கீழே உள்ளதைத் தடுக்கும் ஒரு வடிகட்டி போதும். நான்கைந்து சுருள், சில கெப்பாசிட்டர், மூடி போட்ட ஒரு தகர டப்பா. பூஸ்டருக்கு முன்னால் அதை மாட்டினோம். கதாநாயகி கிழியாமல் ஆடினாள்.

மூத்தவர் கிளம்பும்போது கேட்டேன், தவறு பூஸ்டரில் இருக்கும்போது செலவு மட்டும் ஏன் என்னுடையது என்று. "உமக்குத்தானே சுருள் சுற்றத் தெரியும்?" என்றார். எனக்கு அப்போது அது அநியாயமாகப் பட்டது. முழுதாக உடன்பட எனக்குப் பத்து ஆண்டு பிடித்தது.

எங்கள் மீதான வசை என் தெருவில் தொடங்கியதல்ல. "ஹாம்" என்ற பெயரே ஒரு வசைதான். ஹெர்ட்ஸ், ஆம்ஸ்ட்ராங், மார்க்கோனி என்ற வானொலி முன்னோடிகள் மூவரின் ஆங்கில முதலெழுத்து என்று எங்கள் ஆட்களே மேடையில் சொல்வார்கள். அழகான கதை, ஆனால் உண்மையில்லை. கம்பித் தந்தி காலத்தில், கை சுத்தமில்லாமல் தட்டுத்தடுமாறித் தந்தி அடிப்பவனை அமெரிக்கத் தொழில்முறைத் தந்திக்காரர்கள் கேலியாக அழைத்த பெயர் அது. கம்பியில்லாத் தந்தி வந்ததும், பொழுதுபோக்குக்காக அலைபரப்பியவர்கள் தங்கள் குறுக்கே வந்தார்கள் என்ற எரிச்சலில் அதே பெயரை அவர்கள் மீதும் வீசினார்கள். வாங்கியவர்கள் அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள்.

எரிச்சலுக்குக் காரணமும் இருந்தது. தொடக்கக் கால ஹாம்கள் தீப்பொறி பறக்கும் கருவிகளை வைத்துக்கொண்டு கப்பல் செய்திகளுக்கு நடுவே நிஜமாகவே இரைச்சல் போட்டார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது காற்றில் உலவிய குழப்பச் செய்திகளுக்கும் அவர்கள் மீது பழி விழுந்தது. அதே ஆண்டு அமெரிக்கா சட்டம் போட்டு, 200 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள அலைகள் உங்களுக்கு இல்லை, அதற்குக் கீழே போய் விளையாடுங்கள் என்று ஒதுக்கிவிட்டது. குறுகிய அலை தூரம் போகாது, யாருக்கும் பயன்படாது என்பது அன்றைய அறிஞர்களின் எண்ணம். நம் ஊர்ச் சுண்ணாம்புக் கரட்டைப் பாருங்கள். ஏர் பூட்ட முடியாத நிலம், ஆனால் தோண்டினால் மாக்னசைட் என்ற தாது. அந்தக் கரட்டைத்தான் அவர்களும் தோண்டினார்கள். 1921 டிசம்பரில் அமெரிக்க ஹாம்களின் குறுகிய அலைச் சைகைகள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்காட்லாந்துக் கடற்கரையில் கேட்டன. 1923 நவம்பரில் ஏறத்தாழ நூறு மீட்டர் அலையில் அமெரிக்காவும் பிரான்சும் இருவழியாகவே பேசிக்கொண்டன. அதன் பிறகு அரசுகளும் கம்பெனிகளும் அந்தக் கரட்டுக்கு ஓடி வந்தன என்பது வேறு கதை.

இப்போது எங்கள் மீது வரும் கேள்வி ஒன்றுதான். கையில் செல்பேசி இருக்கும்போது இந்தப் பழைய கம்பி எதற்கு? இதற்கு எங்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. புயல், வெள்ளம், சுனாமி. செல்பேசிக் கோபுரம் சாயும் அன்று நாங்கள் தேவைப்படுவோம் என்று மார்தட்டுவோம். பொய் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானை அடித்தபோது, போர்ட் பிளேரில் இருந்த ஒரு ஹாம் குழு தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து செய்தி கடத்தியது. பாரதி பிரசாத் என்ற பெண்மணி தலைமையில் போன குழு அது.

ஆனால் அந்தக் குழு அந்தமானுக்கு எதற்குப் போயிருந்தது என்பதை மேடையில் நாங்கள் மெதுவாக விழுங்கிவிடுவோம். பேரிடருக்காகப் போகவில்லை. அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்ப நெடுங்காலம் அனுமதி இல்லை. அனுமதி கிடைத்ததும், உலகெங்கும் உள்ள ஹாம்களுக்கு அந்தமான் தொடர்பு என்ற அரிய சந்தோஷத்தைக் கொடுக்கப் போனார்கள். சுத்தமான விளையாட்டு. விளையாடக் கொண்டுபோன கருவியும், விளையாடிப் பழகிய காதும் அங்கே இருந்ததால்தான் அன்று காலை உதவ முடிந்தது. எனக்கு எங்கள் ஆட்களோடு இருக்கும் வழக்கு இதுதான். மீன் பிடிப்பவனையும் கோலம் போடுபவளையும் நாட்டுக்கு என்ன பயன் என்று யாரும் கேட்பதில்லை. எங்களைக் கேட்டால் மட்டும் நாங்கள் ஏன் பதறிப் போய்ச் சுனாமியை இழுக்கிறோம்? பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறோம் என்று சொல்ல ஏன் வெட்கம்?

சந்தேகப் பார்வையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நண்பர்கள் மூவரோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, சேர்வராயன் கோயில் பக்கம் போயிருந்தேன். 1,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். மலை மறைக்காத திசையில் 5 வாட் கைக்கருவியே ஈரோட்டையும் நாமக்கல்லையும் எட்டிப் பேசும். தள்ளி ஒரு மரத்தில் கம்பியை வீசிக் கட்டிக்கொண்டிருந்தபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. உளவு என்றார் ஒருவர். யாரோ சொல்லிவிட, ஒரு காவலர் வந்தார். என் நண்பருக்கு உடனே சட்டப் பிரிவுகள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அவரை உட்கார வைத்துவிட்டு, நான் பதிவேட்டைக் கொடுத்தேன். எந்த நேரம், எந்த அதிர்வெண், யாரோடு என்று எல்லாம் எழுதியிருக்கும். பிறகு கைக்கருவியைக் காவலர் காதருகே வைத்தேன். அந்தப் பக்கம் ஈரோட்டு நண்பர் தம் சர்க்கரை அளவை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காவலர் இரண்டு நிமிடம் கேட்டார். "இதைக் கேட்க யாரும் உளவாளி அனுப்ப மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, "கிரிக்கெட் ஸ்கோர் வருமா?" என்று கேட்டார்.

அவர் கிண்டலிலும் உண்மை இருக்கிறது. எங்கள் அலைவரிசையில் சர்க்கரையும் முழங்கால் வலியும் அதிகம். தேர்வு எழுதி ஆசையோடு வரும் பிள்ளைகள், "தாத்தாக்கள் சங்கம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மலிவுக் கைக்கருவியோடு முதல் முறை வாய் திறக்கும் பையனை, முறையாக அழைப்புக்குறி சொல்லத் தெரியவில்லையா என்று அதட்டுகிற பெரியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவன் நானாகவும் இருந்திருக்கிறேன். கை சுத்தமில்லாதவன் என்று நூறு ஆண்டுக்கு முன் எங்களைக் கேலி செய்த தந்திக்காரனுக்கும் எனக்கும் அந்த நிமிடம் என்ன வித்தியாசம்?

கதிர்வீச்சு பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மாடிக் கம்பியால் தலைவலி வருகிறது என்று தெருவில் ஒருவர் சொன்னார். கேட்டுப் பார்த்தால், நான் ஊரில் இல்லாத வாரமும் அவருக்குத் தலைவலி இருந்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி அவரை மடக்குவதில் பயனில்லை. ஒலிபரப்பும் கம்பியைத் தொட்டால் சுடும், ஆகவேதான் ஆள் எட்டாத உயரத்தில் கட்டுகிறோம், எட்ட விலக விலக அதன் வலு வேகமாகக் குறையும் என்று கூட்டிப் போய்க் காட்டினேன். பாதி நம்பினார்.

இப்போது காலம் தலைகீழாகிவிட்டது. இன்றைக்கு நான் யாருக்கும் தொந்தரவு இல்லை. எனக்குத்தான் ஊர் தொந்தரவு. மலிவான எல்ஈடி விளக்குக்கு உள்ளே இருக்கும் சிறு மின்வழங்கி, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. வெட்டுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அலை சிதறும். அதை அடக்கும் சில்லறை உறுப்புகளை விலை குறைக்க விட்டுவிடுகிறார்கள். வீட்டு வயரிங்கே ஆன்டெனாவாகிவிடும். சாயங்காலம் ஆறரைக்குத் தெருவில் விளக்குப் போட ஆரம்பித்தால், என் 7 மெகாஹெர்ட்ஸில் இலங்கைக்காரர் குரல் அடை மழையில் கரைவது போலக் கரைந்துவிடும்.

போன மாதம் சின்ன வானொலிப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இரைச்சல் எங்கே கூடுகிறது என்று தெருவில் மோப்பம் பிடித்துப் போனேன். அது என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது அதே பக்கத்து வீட்டு வாசலில். தறிக்காரர் காலமாகிவிட்டார். அவர் மருமகள் கதவைத் திறந்தார். உங்கள் சமையலறை விளக்கு என் ரேடியோவைக் கெடுக்கிறது அம்மா என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்கள் ரேடியோவுக்காக நான் இருட்டில் சமைக்க வேண்டுமா, வாத்தியாரே?" என்றார்.

நியாயமான கேள்வி. மறுநாள் கடைவீதிக்குப் போய், அங்கேயே பெட்டியை வைத்துச் சோதித்து, இரைச்சல் இல்லாத நல்ல விளக்காக மூன்று வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தேன். இலங்கைக்காரர் இப்போது தெளிவாகக் கேட்கிறார். மூன்று விளக்கின் விலையை மட்டும் என் வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவரும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.