சிறுநீரகமும் இதயமும் சரி. வீக்கம் எங்கிருந்து வந்தது?

அவையோருக்கு வணக்கம்.

கை, கால், முகமெல்லாம் வீங்கி ஒருவர் வந்தால் முதலில் சிறுநீரகம், இதயம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். ஆனால் சிறுநீரில் புரதம் இல்லை, எக்கோ என்னும் இதய ஸ்கேனும் சரியாக இருக்கிறது என்றால்? ‘உப்பைக் குறையுங்கள்’ என்று சொல்லி நீர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோமே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

டெர்மட்டோமயோசைட்டிஸ் என்னும் தோல், தசை அழற்சி நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் தசைகளுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. கண் இமைகள் ஊதா நிறத்தில் தடிப்பதை எல்லோரும் படித்திருக்கிறோம். அரிதாகச் சிலருக்குக் கைகால் முழுவதுமே வீங்கிவிடும். இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் போஹனும் பீட்டரும் 1975-இல் வகுத்த ஐந்து அளவுகோல்களில் இப்படி உடல் வீங்குவதற்கு இடமில்லை. அதனாலேயே பலருக்கு இந்த நோய் நினைவுக்கு வருவதில்லை.

விலை உயர்ந்த பரிசோதனைக்கு முன் நோயாளியைத் தரையில் உட்காரச் சொல்லி, எழச் சொல்லுங்கள். ஒரு கையை ஊன்றுவார், தொடையைப் பிடிப்பார், அப்புறம் மகளின் தோளைத் தேடுவார். தலை வாரும்போது கை பாதியிலேயே இறங்கிவிடுகிறதா என்று கேளுங்கள். வீக்கத்தால் கால் கனக்கிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பலவீனம் என்று தானாகச் சொல்லமாட்டார்.

ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் கூடியிருந்தால் உடனே கல்லீரலைக் குற்றம் சொல்லாதீர்கள். அவை தசையிலிருந்தும் வரும். (காமாலையே இல்லாதவருக்குக் கீழாநெல்லி கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.) கூடவே தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியையும் பாருங்கள். எம்ஆர்ஐ எடுத்தால் தசையும் அதைச் சுற்றிய உறையும் நீர் கோத்து வெளுத்துத் தெரியும். தசைத் துணுக்குப் பரிசோதனை ஐயத்தைத் தீர்க்கும்.

இந்த வீக்க வகையில் சிலருக்கு என்எக்ஸ்பி2 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் காணப்படுகிறது. அவர்களுக்கு விழுங்குவதிலும் சிக்கல் வரலாம். குடித்த காபி மூக்கு வழியாக வருகிறது என்றால் அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

சிகிச்சை இருக்கிறது. ஸ்டீராய்டு, அதனுடன் எதிர்ப்பாற்றலை அடக்கும் மெதோட்ரெக்ஸேட் அல்லது அசதயோப்ரின். கடுமையாக இருந்தால் ரத்தக் குழாய் வழியே ஏற்றும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்து. பெரியவர்களுக்கு இந்த நோயின் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கக்கூடும். ஆகவே வீக்கம் வடிந்து நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கினாலும் அந்தத் தேடலை விட்டுவிடாதீர்கள். முதல் சில ஆண்டுகளுக்கு அது தொடர வேண்டும்.