ரெட் கார்டு: தண்டனை யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு?

வணக்கம் நண்பர்களே. கால்பந்தில் ரெட் கார்டு தண்டனை ரொம்ப அதிகமா, இல்லையா? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில ஆட்டங்களில் அது அநியாயத்துக்கு அதிகம், சில ஆட்டங்களில் அநியாயத்துக்குக் குறைவு. காரணம், தண்டனை எவ்வளவு என்பதை வீரர் செய்த தப்பு தீர்மானிப்பதில்லை. கடிகாரம் தீர்மானிக்கிறது. ரெட் கார்டு வாங்கியவர் வெளியேறியதும், மிச்ச ஆட்டம் முழுவதும் அவருடைய அணி ஒருவர் குறைவாகத்தான் ஆட வேண்டும்.

2006 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்களின் கோப்பை) இறுதி ஆட்டம். பாரிஸில் ஆர்சனலும் பார்சிலோனாவும் மோதுகின்றன. 18-ஆவது நிமிடத்தில் ரொனால்டினோ பாஸ் கொடுக்க, சாமுவேல் எட்டோ தனியாகப் புகுந்துவிட்டார். ஆர்சனல் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே ஓடி வந்து அவரை வீழ்த்தினார். உருண்ட பந்தை ஜியூலி காலி வலைக்குள் அடித்தும் விட்டார். ஆனால் அதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டதால் கோல் கிடையாது. பார்சிலோனாவுக்கு ஃப்ரீ கிக், லேமனுக்கு ரெட் கார்டு.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாற்று கோல்கீப்பர் உள்ளே வர வேண்டுமென்றால் வேறு ஒருவர் வெளியே போக வேண்டும். பயிற்சியாளர் வெங்கர் ராபர்ட் பிரெஸை அழைத்துக்கொண்டார். பிரெஸ் பிரான்ஸ் வீரர். சொந்த நாட்டு மண்ணில் இறுதி ஆட்டம், ஆர்சனல் சட்டையில் அவருக்கு அதுவே கடைசி ஆட்டம். யாரையும் அவர் தொடக்கூட இல்லை. இருபது நிமிடம்கூட முழுதாக ஆடாமல் அவருடைய இறுதி ஆட்டம் முடிந்துபோனது. மிச்சம் இருந்த 72 நிமிடத்தையும் ஆர்சனல் பத்துப் பேரோடு ஓடியது. சால் கேம்பல் தலையால் முட்டி ஒரு கோலும் போட்டுக் கொடுத்தார். ஆனால் கால்கள் ஓய்ந்த கடைசிக் கால் மணி நேரத்தில் பார்சிலோனா இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டது.

லேமன் செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் யாரையும் காயப்படுத்தவில்லை. ஒரு கோல் வாய்ப்பைத் தடுத்தார், அவ்வளவுதான். அதற்கு 72 நிமிடம்!

இப்போது 2010 உலகக் கோப்பைக் காலிறுதிக்கு வாருங்கள். உருகுவேயும் கானாவும் 1-1 என்று இருக்க, கூடுதல் நேரமும் முடியப்போகிறது. கானா வீரர் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போகிற நேரத்தில், கோட்டின் மேல் நின்ற லூயிஸ் சுவாரஸ் இரண்டு கையாலும் அதைத் தடுத்தார். ரெட் கார்டு, கானாவுக்குப் பெனால்டி. அசமோவா கியான் அடித்த பந்து மேல் கம்பியில் பட்டுப் போய்விட்டது. வெளியேறிக்கொண்டிருந்த சுவாரஸ் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். பிறகு ஷூட்-அவுட்டில் உருகுவே 4-2 என்று ஜெயித்தது. அதுவரை ஆப்பிரிக்க அணி எதுவும் உலகக் கோப்பை அரையிறுதியைத் தொட்டதில்லை. மொராக்கோ அதைச் செய்ய 2022 வரை ஆனது.

அந்த ரெட் கார்டு உருகுவேக்கு எவ்வளவு நேரத்தைப் பறித்தது? கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சுவாரஸ் அரையிறுதியில் ஆட முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தடையால் பயனடைந்தது நெதர்லாந்து, கானாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லேமனும் சுவாரஸும் மாட்டியது ஒரே வகைக் குற்றத்தில். இரண்டு பேரும் எதிரணியின் கோலைத் தடுத்தார்கள். சொல்லப்போனால் சுவாரஸ் தடுத்தது வாய்ப்பைக்கூட இல்லை, கோலையே.

'தப்பு செய்தால் அணி அனுபவிக்கத்தானே வேண்டும்' என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அனுபவிக்கட்டும், ஆனால் அதற்கு ஓர் அளவு வேண்டும். ரக்பியில் 20 நிமிட ரெட் கார்டைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தப்பு செய்தவர் திரும்ப வரவே முடியாது. அவருடைய அணி 20 நிமிடம் ஒருவர் குறைவாக ஆடும். அப்புறம் வேறொரு வீரர் இறங்கலாம். கோல் வாய்ப்பைத் தடுப்பது, இரண்டாவது மஞ்சள் அட்டை (ஒரே ஆட்டத்தில் இரண்டு எச்சரிக்கை அட்டை வாங்கினால் அது ரெட் கார்டு) ஆகியவற்றுக்குக் கால்பந்தும் இதைக் கொண்டுவர வேண்டும். ஒருவர் குறைவாக 20 நிமிடம் தாக்குப்பிடிப்பதே லேசான காரியமில்லை.

கடைசி நிமிடத் தப்புக்கு இது போதாது, தெரியும். அதற்கும் ரக்பியிலேயே வழி இருக்கிறது. விதிமீறல் இல்லாவிட்டால் ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) விழுந்திருக்கும் என்று நடுவர் கருதினால், பெனால்டி ட்ரை என்று புள்ளிகளையே கொடுத்துவிடுவார். கோலுக்குள் போகிற பந்தைக் கையால் தடுத்தால் அது கோல் என்றே அறிவித்துவிட வேண்டும். கியானை அந்தப் பெனால்டி புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கவே கூடாது. அவர் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை, கானா அந்தக் கோலை ஏற்கெனவே சம்பாதித்திருந்தது.

கால்பந்து மாறவே மாறாது என்றும் சொல்ல முடியாது. பாக்ஸுக்குள் கோல் வாய்ப்பைத் தடுத்தால் பெனால்டி, ரெட் கார்டு, அடுத்த ஆட்டத்துக்குத் தடை என்று மூன்று அடியும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. 2016-இல் அதைத் தளர்த்தினார்கள். பந்தை எடுக்க நேர்மையாக முயன்றபோது நடந்த தப்பு என்றால் இப்போது மஞ்சள் அட்டைதான். பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ பழைய மாதிரியே சிவப்பு. நல்ல மாற்றம்.

வன்முறைக்கு மட்டும் நான் எந்தச் சலுகையும் கேட்க மாட்டேன். காலை உடைக்கிற மாதிரி பாய்வது, முழங்கையால் முகத்தில் இடிப்பது, எச்சில் துப்புவது, இதற்கெல்லாம் அணி கடைசி வரை பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும். 2006 உலகக் கோப்பை இறுதியில் இத்தாலியின் மட்டராசியின் மார்பில் தலையால் முட்டிய பிரான்ஸ் வீரர் ஜிதான் வெளியேறியது சரியே. அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பது அங்கே கணக்கில் வரக் கூடாது. இந்தக் கதவைத் திறந்துவிட்டால், எதிரணியின் சிறந்த வீரரை அடித்து வீழ்த்துவதற்கென்றே ஒருவரை இறக்குகிற அணிகள் வந்துவிடும்.

அடுத்த ஆட்டத்துக்கான தடை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸின் லோரான் பிளாங், குரோஷியாவின் பிலிச்சைக் கையால் தள்ளினார். கை பட்டது முகவாய்ப் பக்கம், பிலிச் பிடித்துக்கொண்டு விழுந்ததோ நெற்றியை. பிளாங்குக்கு ரெட் கார்டு. சொந்த நாட்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவரால் ஆட முடியவில்லை. பிரான்ஸ் 3-0 என்று கோப்பையை வென்றது, அவர் வெளியே இருந்தார். இன்றைக்கு இருக்கும் வீடியோ உதவி அன்றைக்கு இல்லை.

2002 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் பாலாக், முந்தைய ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் அட்டையோடு அரையிறுதியில் இன்னொன்றும் சேர்ந்ததால், இறுதி ஆட்டத்தில் ஆடும் வாய்ப்பை இழந்தார். 2010 உலகக் கோப்பையிலிருந்து காலிறுதி முடிந்ததும் மஞ்சள் அட்டைக் கணக்கை அழித்துவிடுகிறார்கள். யாரும் மஞ்சள் அட்டைக் கணக்கால் மட்டும் இறுதி ஆட்டத்தை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான். அரையிறுதியில் இரண்டாவது மஞ்சளோ கோல் தடுப்போ ரெட் கார்டு ஆனால், அந்தத் தடையையும் இறுதி ஆட்டத்தில் சுமத்தாமல் அதற்கு அடுத்த போட்டிக்குத் தள்ளிவைக்கலாம். வெளியேறிய அன்றைக்கே அவருடைய அணி அதற்கான விலையைக் கொடுத்துவிட்டது.