"ராத்திரி தூங்க முடியுதாம்மா?"

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஒரு குடும்பச் சேவை நிலையத்துக்கு ஓர் அம்மா வருகிறார். மகன் போதைப்பொருள் பயன்படுத்துகிறான். எதிரே இருக்கும் ஊழியர் எடுத்த எடுப்பில் கேட்பது, "மகன் எத்தனை வருஷமா எடுக்கிறார்?" இப்படிப்பட்ட ஊழியர்களுக்கான பயிற்சியில் முதலில் மாற்ற வேண்டியது இந்தக் கேள்வியைத்தான். வந்திருப்பவர் மகன் அல்ல. தூக்கம் கெட்டு, ரத்த அழுத்தம் ஏறி, வளையலை அடகு வைத்துவிட்டு வந்திருக்கும் தாய். "ராத்திரி தூங்க முடியுதாம்மா?" என்று தொடங்கினால் பேச்சே வேறு.

பிரிட்டனில் ஆர்ஃபோர்டு, கொப்பெல்லோ, வெல்லமன், டெம்பிள்டன் ஆகியோர் உருவாக்கிய 5 படி முறை, போதைப் பழக்கம் உள்ளவரின் குடும்பத்தாருக்கு இப்படி உதவத்தான். காது கொடுத்துக் கேட்பது, தேவையான தகவலைத் தருவது, அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று அலசுவது, யார் துணை என்று பார்ப்பது, மேற்கொண்டு என்ன வேண்டும் என்று பேசுவது. மகன் சிகிச்சைக்கு வராவிட்டாலும் இதைச் செய்யலாம்.

பலர் இடறுவது 3ஆம் படியில். பொறுத்துப்போவது, எதிர்த்து நின்று மாற்றப் பார்ப்பது, ஒதுங்கிக்கொள்வது என்று குடும்பங்கள் சமாளிக்கும் வழி 3 வகை. எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே வழி கிடையாது. ஆனால் புது ஊழியர் உடனே, "காசு கொடுக்காதீங்கம்மா" என்பார். அம்மா தலையாட்டுவார், அடுத்த முறை வரமாட்டார். கேட்க வேண்டியது: "கொடுக்கலேன்னா அன்னைக்கு ராத்திரி வீட்ல என்ன நடக்கும்?" கதவை உதைப்பான், அக்கம்பக்கத்துக்குக் கேட்கும், சின்னவள் பயந்து அழுவாள். மகனுக்குக் கொடுக்கும் அந்த 20 வெள்ளி ஓர் இரவு அமைதியின் விலை என்பது அப்போதுதான் புரியும். ஒரு தாளை நடுவே மடித்து, கொடுப்பதால் வரும் நன்மை ஒரு பக்கம், கெடுதல் மறுபக்கம், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு சிறு மாற்றம்: கையில் காசு தராமல் பயண அட்டையை அம்மாவே நிரப்பித் தருவது போல. அடிதடி நடக்கும் வீடென்றால் பாதுகாப்புத் திட்டம்தான் முதலில்.

தகவல் தரும் 2ஆம் படியில் தவறான தகவல் உயிருக்கே ஆபத்து. மதுவை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் கடும் நடுக்கம், குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது. அப்போது ஆம்புலன்சுக்கு 995 அழைக்க வேண்டும். எனவே, "பாட்டிலைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் மருத்துவர். மனநலக் கழகத்தின் போதைப் பழக்க உதவி எண் 6732 6837.

ரகசியம் காப்பது பற்றியும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று தெரிந்தால் மருத்துவர் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. மதுவுக்கு அப்படி இல்லை. பாதியில் தெரியவந்தால் குடும்பம் துரோகமாக நினைக்கும்.

பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். அண்ணன் அடித்ததை அது "சத்தம் போட்டான்" என்றுதான் சொல்லும். தமிழ் பேசும் ஊழியரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

அம்மா எழுந்து போகும்முன் இன்னும் 2 கேள்வி: "எத்தனை மணிக்குக் கூப்பிட்டா வசதி? வேற யாராவது எடுத்தா, நான் யாருன்னு சொல்லணும்மா?"